காஞ்சிபுரத்துக் குடலை இட்லியும் கறுத்துப்போகும் வாழைப்பூவும்



காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோயிலும்தான் முதலில் நினைவுக்கு வரும். நாக்கு ருசி தெரிந்தவர்களுக்கு இட்லியும் நினைவுக்கு வரும். சின்னக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் படைக்கிற இட்லி நம் வீட்டு இட்லி மாதிரி இருக்காது. அரிசியையும் உளுந்தையும் கொரகொரப்பாக அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி, மணிக்கணக்காக ஆவியில் வேகவைப்பார்கள். அதனால்தான் அதற்குக் குடலை இட்லி என்று பெயர்.

இந்த மிளகு, சுக்கு, சீரகம் மூன்றுக்கும் இப்போது ஒரு புதுப் பட்டம் கிடைத்திருக்கிறது. ‘ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது’ என்கிறார்கள். மஞ்சள், நெல்லி, முருங்கைக்கீரை, பச்சைத் தேயிலை எல்லாவற்றுக்கும் இதே பட்டம்தான். பொடியாக்கி, மாத்திரையாக்கி, புட்டியில் அடைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வியாபாரம் என்று இன்றைக்குப் பார்ப்போம்.

வெட்டினால் ஏன் கறுக்கிறது?

வாழைப்பூவை ஆய்ந்தவுடன் மோர் கலந்த தண்ணீரில் போடுகிறீர்கள். வாழைக்காயையும் கத்தரிக்காயையும் நறுக்கித் தண்ணீரில் போடுகிறீர்கள். ஏன்? வெளியே வைத்தால் கறுத்துவிடும். காற்றில் இருக்கிற பிராணவாயு, நறுக்கிய இடத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கறுப்பு நிறத்தை உண்டாக்குகிறது. மோரின் புளிப்பு அதைத் தாமதப்படுத்துகிறது. இரும்பு துருப்பிடிப்பதும், எண்ணெய் நாள்பட்டுக் காறல் எடுப்பதும் இதே பிராணவாயுவின் வேலைதான். இந்த வேலையைத் தடுக்கிற அல்லது தாமதப்படுத்துகிற பொருளுக்குத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயர்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இட்லி ஊசிப்போவது கண்ணுக்குத் தெரியாத கிருமிகளால். அதில் விட்ட நெய் காறிப்போவது பிராணவாயுவால். இரண்டும் வேறு வேறு.

வெண்ணெய் உருக்கும்போது ஒரு கொத்து முருங்கைக்கீரையோ கறிவேப்பிலையோ போடுவது நம் தாய்மார்களின் பழக்கம். வாசனைக்குத்தானே என்று நினைக்கலாம். கறிவேப்பிலையும் வெற்றிலையும் நெய் காறல் எடுப்பதைத் தள்ளிப்போடுகின்றன என்று நம் நாட்டில் சோதித்துப் பார்த்து 1979-இல் கட்டுரையே வெளியிட்டார்கள். நல்லெண்ணெய் மற்ற எண்ணெய்களைவிட அதிக நாள் கெடாமல் இருப்பதற்கும், எள்ளில் இயற்கையாகவே இருக்கிற செசமால் போன்ற பொருள்கள்தான் காரணம்.

மேல்நாட்டிலும் இந்த ஆராய்ச்சி உடம்பைப் பற்றித் தொடங்கவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்ஸ் நாட்டின் மூரோ, துஃப்ரேஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள், காற்றுப் பட்டால் கெட்டுப்போகிற ஒரு ரசாயனத்தைக் கெடாமல் வைக்க வழி தேடினார்கள். மிகச் சிறிய அளவில் இன்னொரு பொருளைச் சேர்த்தாலே போதும் என்று கண்டுபிடித்தார்கள். பிறகு ரப்பர், பெட்ரோல், சமையல் எண்ணெய் என்று அது பரவியது. ஆக, இந்தச் சொல் வைத்தியசாலைக்கு வருவதற்கு முன்னால் தொழிற்சாலையில்தான் இருந்தது.

மிளகு தேடி வந்தவர்கள்

1498-இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது மிளகைத் தேடித்தான். திரும்பிப் போகும்போது அரபிக்கடலில் மாதக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, மாலுமிகள் பலர் இறந்துபோனார்கள். ஸ்கர்வி என்கிற நோய் அது. காய், பழம் இல்லாமல் இருந்ததால் வந்த வினை.

1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற ஸ்காட்லாந்து நாட்டுக் கப்பல் வைத்தியர் 12 நோயாளி மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இரண்டு பேர்தான் சீக்கிரம் தேறினார்கள். ஆனால் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாறு கொடுக்க உத்தரவிட்டது 1795-இல்தான். சோதனைக்கும் உத்தரவுக்கும் நடுவில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு!

எலுமிச்சையில் இருப்பது என்ன என்பதைக் கண்டுபிடித்த கதையில் நம்ம வாழைப்பூ சமாச்சாரம் மறுபடி வருகிறது. ஹங்கேரி நாட்டின் ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜி, சில தாவரங்கள் வெட்டினால் ஏன் கறுக்கின்றன, சில ஏன் கறுப்பதில்லை என்றுதான் ஆராய்ந்தார். 1928-இல் ஒரு அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அதுவே வைட்டமின் சி என்று 1932-இல் உறுதியாயிற்று. ஆராய்ச்சிக்கு அது கிலோ கணக்கில் கிடைத்தது எதிலிருந்து தெரியுமா? அவர் ஊரில் விளைந்த பாப்ரிகா மிளகாயிலிருந்து! 1937-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதே காலத்தில் நம் நீலகிரி மாவட்டம் குன்னூரிலும் வேலை நடந்துகொண்டிருந்தது. ராபர்ட் மெக்கரிசன் 1918-இல் அங்கே தொடங்கிய சிறு ஆய்வுதான், பின்னால் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக இருக்கிறது. மெக்கரிசனுக்குப் பின் வந்த அய்க்ராய்டின் தலைமையில் நம் அரிசி, பருப்பு, கீரை, காய் ஒவ்வொன்றிலும் என்ன சத்து இருக்கிறது என்று அளந்து 1937-இல் அட்டவணை போட்டார்கள். நெல்லிக்காயின் பெருமை எண்களில் வெளிவந்தது அந்தக் காலத்தில்தான். 1939-40-இல் ஹிஸ்ஸார் பகுதியில் பஞ்சம் வந்து ஸ்கர்வி தலைகாட்டியபோது, நெல்லிக்காய் கொடுத்துக் குணப்படுத்தினார்கள்.

பழைய அட்டவணையில் 100 கிராம் நெல்லிக்காயில் 600 மில்லிகிராம் வைட்டமின் சி என்று போட்டிருந்தது. 2017-இல் வந்த புதிய அட்டவணையில் அது சுமார் 250 மில்லிகிராம். குறைந்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு ஆணுக்கு வேண்டியது 80 மில்லிகிராம்தான். நடுத்தர அளவில் ஒரு நெல்லிக்காய் தின்றால் கணக்கு சரியாகிவிடும்.

உடம்புக்குள்ளும் காறலா?

1956-இல் அமெரிக்காவின் டென்ஹாம் ஹார்மன் ஒரு கருத்தை வெளியிட்டார். நாம் மூச்சு விடுகிற பிராணவாயு உடம்புக்குள் வேலை செய்யும்போது சில முரட்டுத் துகள்கள் உண்டாகின்றன. அவை திசுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாக்குவதால்தான் முதுமை வருகிறது என்றார். இதற்கு எதிர்க்காவல் நம் உடம்பிலேயே இருக்கிறது என்பது 1969-இல் தெரிந்தது. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு இதய நோய் குறைவு என்ற கணக்குகளும் வந்தன. இரண்டையும் முடிச்சுப் போட்டு, ‘அப்படியானால் அந்தச் சத்தை மட்டும் பிரித்து மாத்திரையாகக் கொடுத்தால் போதுமே’ என்று நினைத்தார்கள்.

இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டும். பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, காரட்டுக்கு நிறம் தருகிற பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1994-இல் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது! அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இதே மாதிரியான சோதனையை 1996-இல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

காரட் விஷம் என்று அர்த்தமில்லை. காரட் தின்பது வேறு, அதிலிருந்து ஒரே ஒரு பொருளைப் பிரித்து, சாப்பாட்டில் கிடைக்காத அளவில் தினமும் விழுங்குவது வேறு. நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்வதற்கே அந்த முரட்டுத் துகள்களைத்தான் ஆயுதமாக வைத்திருக்கின்றன. எல்லாவற்றையும் அடக்கிவிட்டால் நல்லது என்று யார் சொன்னது?

சோதனைக் குழாயில் எந்தக் காய்க்கு எத்தனை ‘மார்க்’ என்று அமெரிக்க வேளாண் துறை ஒரு அட்டவணை வைத்திருந்தது. குழாயில் கிடைக்கிற மார்க்குக்கும் மனித உடம்பில் நடப்பதற்கும் சம்பந்தம் நிரூபணம் ஆகவில்லை, வியாபாரிகள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று 2012-இல் அதை நீக்கிவிட்டது.

மஞ்சளையும் பாருங்கள். அதன் குர்குமின் தனியாகப் போனால் ரத்தத்தில் சேர்வதே அபூர்வம். மிளகின் பைப்பரினோடு சேர்த்தால் 20 மடங்கு சேர்கிறது என்று பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-இல் கண்டார்கள். ரசத்தில் மஞ்சளையும் மிளகையும் சேர்க்கிற நமக்கு இது பெருமைதான். ஆனால் அந்தச் சோதனையில் கொடுத்தது 2 கிராம் குர்குமின். மஞ்சள்தூளில் நூற்றுக்கு மூன்று பங்குதான் குர்குமின் என்று வைத்துக்கொண்டால், அது 60 கிராமுக்கு மேற்பட்ட மஞ்சள்தூள்! எந்த வீட்டு ரசத்தில் இது வரும்? இத்தாலியில் 2019-இல், மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சியே வந்தது. சமையலில் போடுகிற மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டியதில்லை.

வெற்றிலை சொல்லுகிற பாடம்

காஞ்சிபுரத்தில் தறிக்குழியில் உட்கார்ந்து நாள் முழுக்க நெய்கிறவர்களில் வெற்றிலை பாக்குப் போடுகிறவர்கள் உண்டு. வயலில் வேலை செய்கிற நம்மிலும் உண்டு. நெய்யைக் காக்கிற வெற்றிலையில் காவல் சத்து உண்டு என்று பார்த்தோமே, அது உண்மை. ஆனால் அதோடு பாக்கும் புகையிலையும் சேர்ந்தால் வாய்ப் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985-இலேயே சொல்லிவிட்டது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய்க்குக் காரணம் என்று 2004-இல் வெளியான அதன் அறிக்கை உறுதி செய்தது. ‘வெற்றிலை நல்லதுதானே’ என்கிற சமாதானம் பாக்குக்கும் புகையிலைக்கும் பொருந்தாது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் பேரறிஞர் அண்ணாவின் பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ இருந்தால் பொடியும் லேகியமும் தேடாமல் இப்படிப்பட்ட மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், யாரோ சொன்னார்கள் என்று அதை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறவே கூடாது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

ஒருவர் தினமும் 400 கிராம் காய்கறியும் பழமும் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் காவல் சத்து மட்டுமல்ல, நாரும் தாது உப்பும் சேர்ந்தே கிடைக்கின்றன. இதற்குக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. கிணற்றடியிலும் குளியல் தண்ணீர் ஓடுகிற இடத்திலும் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை வைக்கலாம். முருங்கையில் பெரியகுளத்து பி.கே.எம்.1, நெல்லியில் பவானிசாகர் பி.எஸ்.ஆர்.1 நல்ல ரகங்கள். வரப்பு ஓரம் நெல்லி வைக்கிறவர்கள், ஒட்டுக்கன்றாகப் பார்த்து வாங்குங்கள். சீக்கிரம் காய்ப்புக்கு வரும். கீரையை நறுக்கிய பிறகு கழுவாதீர்கள், கழுவிவிட்டு நறுக்குங்கள். வேர்க்கடலையைத் தோலோடு தின்னுங்கள். அந்தச் சிவப்புத் தோலிலும் இதே துவர்ப்புச் சத்து இருக்கிறது.

இன்னொன்று. டீயிலும் காவல் சத்து உண்டுதான், ஆனால் சாப்பாட்டோடு குடித்தால் கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ரத்தசோகை உள்ள தாய்மார்கள் சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள். கீரைப் பொரியலில் அரை மூடி எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். ஒரே ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ குடும்பத்தில் ஒன்று தடுக்கிறது, ஒன்று கொடுக்கிறது! பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அடுத்த முறை யாராவது சந்தையில் புட்டியை நீட்டினால், அதன் விலைக்கு எத்தனை கிலோ நெல்லிக்காய் வாங்கலாம் என்று மனக்கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறகு எதை வாங்குவது என்று உங்களுக்கே தெரியும்.