சென்னை மாநிலச் சட்டமன்றத் தேர்தல், 1952

சென்னை மாநிலச் சட்டமன்றத் தேர்தல், 1952 என்பது இந்தியக் குடியரசின் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த பின்னர்ச் சென்னை மாநிலத்தில் நடைபெற்ற முதலாவது சட்டமன்றத் தேர்தல் ஆகும். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளிக்கப்பட்ட முதல் தேர்தலும் இதுவே. 1952 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் பல கட்டங்களாக வாக்குப்பதிவு நடைபெற்றது. 375 இடங்களில் 152 இடங்களை வென்ற இந்திய தேசிய காங்கிரசு தனிப்பெரும் கட்சியாக வந்தது. ஆயினும் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. தேர்தலில் போட்டியிடாத இராஜாஜி இறுதியில் முதலமைச்சரானார். தேர்தலின் முடிவுகளைக் காட்டிலும், அம்முடிவுகளுக்குப் பின் யாரை ஆட்சியமைக்க அழைப்பது என்று எழுந்த சிக்கலே இத்தேர்தலை இன்றும் பேசுபொருளாக வைத்திருக்கிறது.

மாநிலத்தின் பரப்பும் வாக்குரிமையும்

இத்தேர்தலின்போது இருந்த சென்னை மாநிலத்தை இன்றைய தமிழ்நாட்டுடன் குழப்பிக்கொள்ளலாகாது. தமிழ் மாவட்டங்களுடன், கடலோர ஆந்திரம், இராயலசீமை, மலபார், தென் கன்னடம், பெல்லாரி ஆகிய பகுதிகளும் அதில் அடங்கியிருந்தன. மாறாக, இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததால், அப்பகுதி மக்கள் இத்தேர்தலில் வாக்களிக்கவில்லை. ஆகவே நான்கு மொழிப் பகுதிகளில், வெவ்வேறு காரணங்களுக்காக நடந்த நான்கு தேர்தல்களின் கூட்டுத்தொகை என்றே இதனைக் கொள்ள வேண்டும்.

1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1937, 1946 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற மாகாணத் தேர்தல்களில் சொத்து, வரி, கல்வி ஆகிய தகுதிகளைப் பெற்றவர்களே வாக்களிக்க முடிந்தது. 1952 இல் 21 வயது நிறைந்த அனைவரும் வாக்காளராயினர். வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் ஆகும். கூலித் தொழிலாளிகளும் நிலமற்ற உழவர்களும் பெருந்திரளாக முதன்முறையாக வாக்குச்சாவடிக்குச் சென்றனர். முடிவுகள் பலரையும் வியப்பில் ஆழ்த்தியமைக்கு இதுவே அடிப்படைக் காரணம்.

375 உறுப்பினர்களும் 309 தொகுதிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டனர். இவற்றுள் 66 தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகள். அவற்றில் ஓர் இடம் தாழ்த்தப்பட்டோருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்டிருந்தது. அத்தொகுதி வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள் உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே வேட்பாளருக்கு அளிக்க இயலாது. இம்முறை 1961 இல் இயற்றப்பட்ட சட்டத்தால் நீக்கப்பட்டது.

வாக்களித்த முறையும் இன்றையதினும் வேறானது. வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரோ சின்னமோ இல்லை. வாக்காளர் அதில் முத்திரை எதுவும் குத்தவும் இல்லை. மறைவிடத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைக்கப்பட்டு, அதன் மீது அவருடைய சின்னம் ஒட்டப்பட்டிருந்தது. தாம் விரும்பியவரின் பெட்டியில் வெற்றுச்சீட்டைப் போடுவதே வாக்களிப்பதாகும். எழுத்தறியாத வாக்காளர் மிகுந்திருந்த நாட்டுக்கு இது எளிய வழி. காங்கிரசின் சின்னம் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. பொதுவுடைமைக் கட்சிக்குக் கதிர் அரிவாளும், சோசலிசக் கட்சிக்கு ஆலமரமும், கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசையும் ஒதுக்கப்பட்டிருந்தன.

பின்னணி

1946 தேர்தலுக்குப் பின் காங்கிரசு ஆட்சியில் மூவர் அடுத்தடுத்துத் தலைமை ஏற்றனர்: த. பிரகாசம் (1946-47), ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் (1947-49), பூ. ச. குமாரசாமி ராஜா (1949-52). 1950 க்கு முன்னர் மாகாண அரசின் தலைவர் 'பிரதமர்' என அழைக்கப்பட்டார். பழைய இதழ்களில் சென்னைப் பிரதமர் என்னும் குறிப்பைக் காணும் மாணவர்கள் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆறு ஆண்டுகளில் மூன்று தலைமைகள் மாறியது கட்சிக்குள் இருந்த பிளவையே காட்டுகிறது. ஆந்திரக் காங்கிரசில் பிளவு வெளிப்படையாகவே வெடித்தது. 1951 இல் ஆந்திரக் காங்கிரசுத் தலைவர் தேர்தலில் நீலம் சஞ்சீவ ரெட்டியிடம் தோற்ற என். ஜி. ரங்கா, கட்சியை விட்டு விலகிக் கிரிஷிகார் லோக் கட்சியைத் தொடங்கினார். பிரகாசமும் விலகி, ஆச்சார்ய கிருபளானி தோற்றுவித்த கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியில் இணைந்தார். தெலுங்கு மக்களுக்குத் தனி மாநிலம் அமைவதில் ஏற்பட்ட காலத்தாழ்வும் அங்குக் காங்கிரசின் மீது வெறுப்பை வளர்த்தது.

இவற்றுக்கெல்லாம் மேலாக மக்களை வாட்டியது உணவுப் பஞ்சம். பருவமழை பொய்த்தது, அரிசிப் பங்கீடு குறைந்தது, உழவர்களிடமிருந்து அரசு கட்டாயமாக நெல் கொள்முதல் செய்தது. நகரத்தார் பங்கீட்டையும், உழவர் கொள்முதலையும், நெசவாளர் தொழில் நலிவையும் காட்டி ஆளுங்கட்சியைக் குறை கூறினர்.

போட்டியிட்ட கட்சிகள்

காங்கிரசு 367 இடங்களில் வேட்பாளர்களை நிறுத்தியது. தமிழ்நாடு காங்கிரசுக் கட்சியில் காமராசரின் செல்வாக்கே ஓங்கியிருந்தது. அவர் சட்டமன்றத்துக்குப் போட்டியிடாமல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இந்தியப் பொதுவுடைமைக் கட்சி 131 இடங்களில் போட்டியிட்டது. சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் அக்கட்சி மாகாணத்தில் தடை செய்யப்பட்டு, அதன் தலைவர்கள் சிறையிலும் தலைமறைவிலும் இருந்தனர். 1950 பெப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 பொதுவுடைமையர் இறந்தனர். தெலுங்கானா ஆயுதப் போராட்டத்தை 1951 அக்டோபரில் கைவிட்டு அக்கட்சி தேர்தல் களத்துக்கு வந்தது. சிறையிலிருந்தபடியே போட்டியிட்ட பி. இராமமூர்த்தி மதுரை வடக்குத் தொகுதியில் வென்றார். அனந்தபூரில் தரிமெல நாகி ரெட்டி, தம் சகோதரியின் கணவரான சஞ்சீவ ரெட்டியையே தோற்கடித்தார். ஒடுக்குமுறை கட்சியை அழிக்கவில்லை. அனுதாபத்தைத் தேடித் தந்தது.

வட தமிழ்நாட்டில் வன்னியர் சமூகத்தின் ஆதரவில் இரண்டு கட்சிகள் தோன்றின. தென்னார்க்காடு, சேலம் பகுதிகளில் எஸ். எஸ். இராமசாமிப் படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியும், வடார்க்காடு, செங்கற்பட்டுப் பகுதிகளில் மா. அ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சியும் செல்வாக்குப் பெற்றிருந்தன. எல்லா மாவட்டங்களிலும் கிளை இல்லாத ஒரு கட்சி, தன் மக்கள் செறிந்து வாழும் பகுதியில் மட்டும் நின்று வெல்லலாம் என்பதை உழைப்பாளர் கட்சி காட்டியது. 34 இடங்களில் நின்று 19 இடங்களை வென்ற அதன் வெற்றி விகிதம் காங்கிரசினதைவிட உயர்ந்ததாகும்.

1949 இல் தொடங்கப்பட்ட திராவிட முன்னேற்றக் கழகம் இத்தேர்தலில் நேரடியாகப் போட்டியிடவில்லை. சட்டமன்றத்தில் திராவிட நாடு கோரிக்கையை ஆதரிப்பதாக உறுதியளித்த வேட்பாளர்களை ஆதரித்தது. உழைப்பாளர் கட்சியும் காமன்வீல் கட்சியும் அவ்வாறு ஆதரவு பெற்றவை. பெரியாரின் திராவிடர் கழகம் காங்கிரசைத் தோற்கடிப்பதே நோக்கம் எனக் கூறிப் பொதுவுடைமைக் கட்சியை ஆதரித்தது. முத்துராமலிங்கத் தேவர் பார்வர்டு பிளாக்கு (மார்க்சியப் பிரிவு) சார்பில் முதுகுளத்தூர்ச் சட்டமன்றத் தொகுதியிலும் அருப்புக்கோட்டை மக்களவைத் தொகுதியிலும் ஒருசேர வென்றார். ஒரு காலத்தில் மாகாணத்தை ஆண்ட நீதிக்கட்சி 9 இடங்களில் நின்றது. கம்பம் தொகுதியில் பி. டி. இராசன் மட்டும் வென்றார்.

முடிவுகள்

கட்சிகள் வென்ற இடங்கள் வருமாறு:

இந்திய தேசிய காங்கிரசு - 152
இந்தியப் பொதுவுடைமைக் கட்சி - 62
கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி - 35
தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி - 19
கிரிஷிகார் லோக் கட்சி - 15
சோசலிசக் கட்சி - 13
காமன்வீல் கட்சி - 6
முசுலிம் லீக் - 5
பார்வர்டு பிளாக்கு (மார்க்சியப் பிரிவு) - 3
தாழ்த்தப்பட்டோர் கூட்டமைப்பு - 2
நீதிக்கட்சி - 1
சுயேச்சைகள் - 62

காங்கிரசு பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 35 விழுக்காடு. பொதுவுடைமைக் கட்சி பெற்றவை 13 விழுக்காடு. இடங்களைப் பகுதிவாரியாகப் பிரித்துப் பார்த்தால் படம் தெளிவாகிறது. தமிழ் மாவட்டங்களின் 190 இடங்களில் 96 காங்கிரசுக்குக் கிடைத்தன. அதாவது அங்கு மயிரிழைப் பெரும்பான்மை இருந்தது. ஆந்திரப் பகுதியின் 143 இடங்களில் 43 மட்டுமே கிடைத்தன. மலபாரில் 29 இடங்களில் 4 தான். ஆட்சியைக் கேள்விக்குறியாக்கியவை தெலுங்கு, மலையாள மாவட்டங்களே.

முதலமைச்சர் குமாரசாமி ராஜா திருவில்லிபுத்தூரில் தோல்வியுற்றார். பக்தவத்சலம், பெசவாட கோபால ரெட்டி, களா வெங்கடராவ், மாதவ மேனன் முதலிய அமைச்சர்களும் தோற்றனர்.

ஆட்சியமைப்பதில் எழுந்த சிக்கல்

பெரும்பான்மைக்குத் தேவையான 188 இடங்களுக்குக் காங்கிரசிடம் 36 இடங்கள் குறைந்தன. எதிர்க்கட்சிகளுள் பலவும் சுயேச்சைகள் சிலரும் கூடி ஐக்கிய சனநாயக முன்னணியை அமைத்துப் பிரகாசத்தைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். தமக்கு 166 உறுப்பினர்களின் ஆதரவு இருப்பதாகக் கூறி அம்முன்னணி ஆட்சியமைக்க உரிமை கோரியது. இவ்வெண்ணும் 188 ஐ எட்டவில்லை; ஆனால் 152 ஐ விடக் கூடுதல்.

இந்நிலையில் 1952 மார்ச்சு மாதத்தில் ஆளுநர் மாறினார். பவநகர் மகாராசாவுக்குப் பின் ஸ்ரீ பிரகாசா பொறுப்பேற்றார். பொதுவுடைமைக் கட்சி முதன்மைப் பங்கு வகிக்கும் அரசு அமைவதைக் காங்கிரசுத் தலைவர்கள் விரும்பவில்லை. எதிரும் புதிருமான குழுக்களை ஈர்த்து ஆட்சி நடத்த வல்லவர் யார் என்ற தேடல், இந்தியாவின் கடைசித் தலைமை ஆளுநராகவும் பின்னர் நடுவண் உள்துறை அமைச்சராகவும் இருந்து, 1951 இறுதியில் பொறுப்பிலிருந்து விலகியிருந்த இராஜாஜியிடம் சென்று நின்றது. காமராசருக்கும் இராஜாஜிக்கும் இடையில் நெடுநாள் பிணக்கு இருந்தபோதும் காமராசர் இதற்கு இணங்கினார்.

இராஜாஜி சட்டமன்ற உறுப்பினர் அல்லர். இடைத்தேர்தலில் நிற்கவும் அவர் விரும்பவில்லை. எனவே ஆளுநர், 1952 ஏப்ரல் 1 அன்று அவரைச் சட்ட மேலவையின் நியமன உறுப்பினராக்கினார். அரசியலமைப்பின் 171 ஆம் விதி, இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூகப்பணி ஆகியவற்றில் சிறப்பறிவு உடையோரை மேலவைக்கு நியமிக்க ஆளுநருக்கு அதிகாரம் அளிக்கிறது. இராஜாஜி எழுத்தாளர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் நியமிக்கப்பட்டது எழுத்துக்காக அன்று என்பதும் எல்லோரும் அறிந்ததே. தேர்தலில் நிற்காமல் பதவி ஏற்பது குறித்து நேருவே தயக்கம் தெரிவித்தார். 1952 ஏப்ரல் 10 அன்று இராஜாஜி முதலமைச்சராகப் பதவியேற்றார்.

நியமனத்தை எதிர்த்துப் பி. இராமமூர்த்தி சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். மனுதாரரின் தனிப்பட்ட உரிமை எதுவும் பாதிக்கப்படவில்லை எனக் கூறி நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. நியமனம் முறையானதா என்னும் கேள்விக்கு இத்தீர்ப்பு விடை தரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம்பிக்கை வாக்கெடுப்பு

இராஜாஜி சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டுவதில் வெற்றி பெற்றார். காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரவையில் சேர்க்கப்பட்டார். முசுலிம் லீக்கும் சுயேச்சைகள் பலரும் ஆதரவளித்தனர். சூன் மாதத்தில் உணவுக் கட்டுப்பாட்டை அரசு நீக்கியது. தேர்தலில் தோல்விக்குக் காரணமான குறையையே முதலில் களைந்த இந்நடவடிக்கை மக்களிடம் பெரும் வரவேற்பைப் பெற்றது. 1952 சூலை 3 அன்று நடந்த வாக்கெடுப்பில் அரசுக்கு ஆதரவாக 200 வாக்குகளும் எதிராக 151 வாக்குகளும் பதிவாயின. அன்றைய உரையில் இராஜாஜி, பொதுவுடைமைக் கட்சியைத் தம் முதல் எதிரி என்று வெளிப்படையாகவே அறிவித்தார்.

திராவிட நாடு கோரிக்கையை ஆதரிப்பதாக உறுதியளித்து வென்ற கட்சியின் தலைவரே காங்கிரசு அமைச்சரவையில் இடம் பெற்றது, தி.மு.க.வுக்கு ஒரு பாடமாயிற்று. அடுத்து வந்த 1957 தேர்தலில் அக்கட்சி தன் வேட்பாளர்களையே நிறுத்தியது.

ஆளுநரின் முடிவு பற்றிய கருத்துகள்

தனிப்பெரும் கட்சியை முதலில் அழைப்பது மரபு என்பது ஆளுநரின் முடிவை ஆதரிப்போர் வாதம். தேர்தலுக்குப் பின் அமைந்த முன்னணிக்கு ஒரே கொள்கை இல்லை என்றும், அது நெடுநாள் நிலைத்திராது என்றும் அவர்கள் கூறுவர். கூடுதல் உறுப்பினர்களின் ஆதரவைக் காட்டியவரை ஒதுக்கியது தவறு என்பது எதிர்ப்போர் வாதம். இவ்விரு வாதங்களும் அதன்பின் பல மாநிலங்களில் மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டன. 2018 இல் கருநாடகத்தில் எழுந்ததும் இதே கேள்விதான். 1988 இல் அறிக்கை அளித்த சர்க்காரியா ஆணைக்குழு, தேர்தலுக்கு முந்தைய கூட்டணி, பிறர் ஆதரவுடன் உரிமை கோரும் தனிப்பெரும் கட்சி, தேர்தலுக்குப் பிந்தைய கூட்டணி என்னும் வரிசையில் ஆளுநர் அழைக்கலாம் எனப் பரிந்துரைத்தது. அவ்வரிசைப்படி பார்த்தால் ஸ்ரீ பிரகாசா காங்கிரசை முதலில் அழைத்ததற்கு இடமுண்டு. ஆனால் மக்களால் தேர்ந்தெடுக்கப்படாத ஒருவரை நியமனத்தின் வழியாக முதலமைச்சராக்கியதை அப்பரிந்துரை நியாயப்படுத்தாது. இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். பெரும்பாலான விவாதங்களில் இவை ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

பின்விளைவுகள்

தனி ஆந்திரம் கோரி உண்ணாநோன்பிருந்த பொட்டி சிறீராமுலு 1952 திசம்பர் 15 அன்று சென்னையில் இறந்தார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது, அப்பகுதி உறுப்பினர்கள் ஏறத்தாழ 140 பேர் கர்நூலில் கூடிய புதிய சட்டமன்றத்துக்குச் சென்றனர். இதனால் சென்னைச் சட்டமன்றத்தில் காங்கிரசின் நிலை தானாகவே வலுப்பெற்றது. தொடக்கக் கல்வித் திட்டம் குறித்து எழுந்த எதிர்ப்பின் விளைவாக இராஜாஜி 1954 ஏப்ரலில் பதவி விலக, காமராசர் முதலமைச்சரானார். அவர் படையாட்சியாரையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார்; உழைப்பாளர் கட்சியும் காமன்வீல் கட்சியும் காங்கிரசில் கரைந்தன.

கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியும் சோசலிசக் கட்சியும் 1952 இலேயே இணைந்து பிரஜா சோசலிசக் கட்சியாயின. 1952 இல் சென்னையில் ஆட்சியமைக்க அழைக்கப்படாத பிரகாசம், பின்னர் அக்கட்சியிலிருந்து விலகி, காங்கிரசின் ஆதரவுடன் ஆந்திர மாநிலத்தின் முதல் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார்.