செல்சியில் தொங்கிய துணி

1804 செப்டெம்பர் 20ஆம் தேதி, மட்டக்களப்பிலிருந்து பிரித்தானியப் படையின் ஏறக்குறைய முந்நூறு சிப்பாய்கள் கண்டியை நோக்கி நடந்தார்கள். தலைமை, கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டன். வேறு திசைகளிலிருந்தும் படைகள் வந்து கண்டியில் கூடும் என்று அவர் நம்பியிருந்தார். அந்தத் திட்டமோ நடுவிலேயே கைவிடப்பட்டிருந்தது. அவருக்கு வந்த கடிதத்தின் வாசகத்திலிருந்து அது அவருக்கு விளங்கவில்லை. காடும் மலையும் கடந்து கண்டிக்குள் நுழைந்தபோது ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. வர வேண்டிய படைகளில் ஒன்றைக்கூடக் காணோம்.

காத்திருந்து பார்த்துவிட்டு, வழிநெடுக ஆட்களைப் பறிகொடுத்தபடி அவர் திருகோணமலைக்குத் தப்பிப் போனார். கண்டி விழவில்லை. அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கொடியும் இறங்கவில்லை. சிவப்புத் துணி, அதில் வலக்கையில் வாள் ஏந்திய மஞ்சள் சிங்கம். அந்நாளைய போரில் கொடி அலங்காரப் பொருள் அல்ல. வெடிமருந்துப் புகையில் பக்கத்தில் நிற்பவன் முகமே தெரியாத நேரத்தில், தன் படை எங்கே நிற்கிறது என்று சிப்பாய்க்குச் சொன்னது அதுதான். அது சாய்ந்தால் படை கலைந்தது. அதைப் பிடித்தவனுக்கு அதைவிடப் பெரிய வெற்றிச் சாட்சி இல்லை. கண்டியின் கொடிக்கும் அந்த நாள் வந்தது.

1815இல் பிரித்தானிய ஆளுநர் பிரவுன்றிக் பல திசைகளிலிருந்து படை அனுப்பினார். ஒரு பிரிவு மறுபடியும் மட்டக்களப்பிலிருந்தே போனது. பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. அரசனின் பிரதானிகளே அவனைக் கைவிட்டிருந்தார்கள். பெப்ரவரி 18ஆம் தேதி மெதமகாநுவரவில் அவன் பிடிபட்டான். கண்ணுசாமி என்ற பெயரோடு நாயக்கர் வம்சத்தில் பிறந்தவன், வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் இறந்தான். சிம்மாசனம் வின்ட்சர் மாளிகைக்குப் போயிற்று. கொடியும் கப்பலேறியது. அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அது போய்ச் சேர்ந்த இடம் லண்டனில் செல்சி ரோயல் ஆஸ்பத்திரி. பெயர்தான் ஆஸ்பத்திரி, உண்மையில் ஓய்வுபெற்ற சிப்பாய்களின் இல்லம். சிவப்புக் கோட்டு அணிந்த கிழவர்கள் நடமாடும் அந்த இடத்தில், நெப்போலியன் படைகளிடமிருந்து பிடித்த கழுகுச் சின்னங்களையும் வைத்திருந்தார்கள். நூறு வருடம் கழித்து இலங்கையரான ஈ.டபிள்யூ. பெரேராவும் டி.ஆர். விஜேவர்தனவும் கண்டிக் கொடி அங்கே இருப்பதைக் கண்டறிந்தார்கள். 1915இல், சுதந்திரம் பறிபோன நூற்றாண்டு நினைவாகத் 'தினமின' பத்திரிகை அதன் படத்தை வெளியிட்டது. எதிரி பத்திரப்படுத்தியிருக்காவிட்டால் அந்தச் சிங்கத்தின் உருவம் இப்படிக் கைக்குக் கிடைத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகமே. முப்பத்துமூன்று வருடம் கழித்து அந்தத் துணிக்காகப் பாராளுமன்றத்தில் ஒருவர் எழுந்தார். அவர் கண்டிக்காரர் அல்ல.

1948 ஜனவரி 16ஆம் தேதி, 1815இல் கொண்டுபோகப்பட்ட அரசனின் சிங்கக் கொடியே சுதந்திர இலங்கையின் கொடியாக வேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தவர் முதலியார் ஏ. சின்னலெவ்வை, மட்டக்களப்பின் முஸ்லிம் பிரதிநிதி. தமிழ்ப் பிரதிநிதிகளுக்கு அந்தச் சிங்கம் சிங்களவர் என்ற ஓர் இனத்தின் அடையாளமாகவே பட்டது. எதிர்ப்பு எழுந்தது. மார்ச்சில் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தலைமையில் குழு அமைத்தார்கள், ஜி.ஜி. பொன்னம்பலமும் செனட்டர் எஸ். நடேசனும் அதில் இருந்தார்கள். ஒரு போர்க்கொடிக்குள் எல்லோரையும் எப்படிச் சேர்ப்பது?

1951இல் விடை வந்தது. சிங்கம் அப்படியே இருக்க, பக்கத்தில் இரண்டு பட்டைகள்: முஸ்லிம்களுக்குப் பச்சை, தமிழருக்குச் செம்மஞ்சள். ஒவ்வொன்றும் ஒரு பங்கு அகலம். சிங்கம் நிற்கும் பகுதி ஐந்து பங்கு. நடேசன் இணங்கவில்லை. பட்டைகள் சிங்கத்தின் சட்டத்துக்கு வெளியே நிற்பது அவருக்கு ஒற்றுமையாகத் தெரியவில்லை. அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். பெரும்பான்மை முடிவே நிலைத்தது. 1972இல் சிங்கப் பகுதியின் நான்கு மூலைகளிலும் அரசிலைகள் வந்தன.

பெப்ரவரி 4 நெருங்கினால், மட்டக்களப்பை அடுத்த தன்னாமுனையில் திருகோணமலை வீதியால் போகும் ஓட்டோவின் கண்ணாடியில் கட்டியிருப்பது அந்தக் கொடிதான். வாவிக் காற்று அடிக்கும்போது சிங்கம் விரிகிறது. ஓட்டோ நின்று காற்று விழுந்ததும் சிவப்பு மடிந்து சிங்கம் மறைகிறது. குச்சியோடு ஒட்டிய பச்சையும் செம்மஞ்சளும் மட்டும் தெரிகின்றன.