திரும்பி வராத விமானங்கள் சொன்ன பாடம்



நம் கல்லூரியில் புள்ளியியல் வகுப்பு என்றாலே பின் பெஞ்சில் தூக்கம் போட்டவர்களில் அடியேனும் ஒருவன். தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்த பிறகுதான் அந்தப் பாடத்தின் அருமை புரிந்தது. மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். எனக்குப் பிடித்த ஒரு சரித்திரத்தைச் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் நேரம். 1943-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆபிரகாம் வால்ட் என்ற கணித மேதை, குண்டடி பட்டுத் திரும்பிய விமானங்களின் கணக்கை ஆராய்ந்தார். துளை அதிகமுள்ள இடத்தில் கவசம் போடலாம் என்றுதான் நமக்குத் தோன்றும். வால்ட் திரும்பாத விமானங்களையும் கணக்கில் சேர்த்தார். திரும்பியவற்றின் எஞ்சினில் துளை குறைவென்றால், அங்கே அடிபட்டவை வீடு வந்து சேரவில்லை என்றுதானே அர்த்தம்!

அதற்கு முந்திய வருடம், 1942-இல், டெமிங் சொன்ன யோசனைப்படி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் போர்த் தளவாடப் பொறியாளர்களுக்குப் பத்து நாள் தரக் கட்டுப்பாட்டு வகுப்பு நடந்தது. 1950-இல் அவர் ஜப்பானில் பாடம் எடுத்தார். 1962 முதல் அங்கே தர வட்டங்கள் பெருகின. 1980-களின் கடைசியில் அந்த வித்தை அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கே திரும்பி வந்தது.

இரண்டு ஓடைகளும் கலந்தது 1990-களில், தர மேலாண்மைப் பட்டறைகளில். ஒரு விமானமோ டாங்கியோ தாக்குதலைத் தாங்குமா என்று கணக்கிட, ஒவ்வொரு பாகமும் அடிபட்டால் செயலிழக்கும் வாய்ப்பு எவ்வளவு என்ற எண் வேண்டும். எல்லாப் பாகத்தையும் சுட்டுப் பார்க்க முடியுமா? அதனால் பல எண்கள் அனுபவஸ்தர்களின் மதிப்பீடுதான். உதாரணமாக ஒரு ஹைட்ராலிக் பம்ப். ஒருவர் 0.3 என்பார், இன்னொருவர் 0.8 என்பார். விசாரித்தால், முதல்வருக்கு 'செயலிழப்பு' என்றால் பம்ப் முழுசா நிற்பது. அடுத்தவருக்கு எண்ணெய் கசிந்தாலே போதும்! பட்டறை செய்யும் வேலை இதுதான்: எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, வேலையின் படிகளை வரைந்து, செயலிழப்பு என்றால் என்ன, எத்தனை நிமிடத்துக்குள் என்று முடிவுசெய்து, எண்ணுக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதிவைப்பது. உண்மையான குண்டுகளைச் சுட்டுச் சோதிப்பதை 1986-இல் அமெரிக்கா சட்டமாகவே ஆக்கியிருந்ததால், ஒப்பிட்டுத் திருத்தவும் வழி இருந்தது.

எங்கள் ஆலையில் ஒரு பெரியவர் இருந்தார். எதைக் கேட்டாலும், "எல்லாம் அனுபவம் தம்பி" என்பார். எண்ணும் சரியாகவே இருக்கும். அவர் ஓய்வு பெற்ற மறுவாரம், அது எப்படி வந்ததென்று சொல்ல ஆளில்லை. எங்களுக்குப் போனது கொஞ்சம் இரும்பு. விமானத்தில் என்றால் உள்ளே இருப்பவர்களின் உயிரல்லவா?

வால்ட் கதையின் முடிவு நம் பக்கத்தில்தான். இந்தியாவில் சொற்பொழிவாற்ற வந்தவர், 1950 டிசம்பரில் நீலகிரி மலையில் நடந்த விமான விபத்தில் மனைவியோடு மறைந்தார். திரும்பாத விமானங்களை எண்ணச் சொன்னவரின் விமானமும் திரும்பவில்லை.

தம்பி தங்கைகளே, எண்ணை எழுதும்போது காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். நமக்குப் பின்னால் வருகிறவனுக்கு அதுதான் கவசம்.