சான் பிரிவா சரிவு

பிரஷ்யப் படையின் சாதாரண ரெஜிமென்ட் ஒரு வட்டாரத்துக்குச் சொந்தமானது. பொமரேனியாக்காரர் பொமரேனிய ரெஜிமென்டில் சேர்வார், சைலீசியாக்காரர் சைலீசிய ரெஜிமென்டில். மெய்க்காவல் படைக்கு மட்டும் சொந்த ஊர் கிடையாது. உயரமும் திடமும் உள்ள இளைஞர்களை நாடெங்கிலுமிருந்து தேர்ந்தெடுத்து பெர்லினுக்கும் பொட்ஸ்டாமுக்கும் அழைத்துக்கொண்டார்கள்.

1818இல் அவர்களைக் கொண்டு அமைந்தது முதலாம் மெய்க்காவல் காலாட்படை டிவிஷன். நிறுவனங்களின் அமைப்பு வரைபடங்களோடு பிழைப்பு நடத்தும் எனக்கு அதன் கட்டமைப்பு எளிதில் பிடிபட்டது. 1870இல் அதில் இரண்டு பிரிகேடுகள், ஐந்து காலாட்படை ரெஜிமென்டுகள். ரெஜிமென்டுக்கு மூன்று பட்டாலியன்கள். போர்க்காலத்தில் பட்டாலியனுக்குச் சுமார் 1,000 பேர். இரண்டாம் மெய்க்காவல் டிவிஷனும் சேர்ந்தால் அது மெய்க்காவல் கோர். அதிகாரிகள் பெரும்பாலும் பிரபுக் குடும்பத்தவர். மேலிருந்து வரும் கட்டளை தடையின்றிக் கீழே இறங்கும். கீழிருந்து ஓர் எச்சரிக்கை மேலே ஏறுவதுதான் கடினம்.

1870 ஆகஸ்ட் 18, மாலை. மெட்ஸ் நகருக்கு வடமேற்கே சான் பிரிவா என்னும் கிராமம். ஒதுங்க ஒரு மறைவும் இல்லாத நீண்ட சரிவின் உச்சியில் பிரெஞ்சுப் படை காத்திருந்தது. அவர்களுடைய ஷஸ்போ துப்பாக்கி ஏறக்குறைய 1,200 மீட்டர் எட்டும். பிரஷ்யரின் ஊசித் துப்பாக்கி அதில் பாதிதான். பக்கவாட்டில் சுற்றி வரவேண்டிய சாக்சனியப் படை இன்னும் வந்து சேரவில்லை. கிராமத்தின்மீது பீரங்கித் தாக்குதலும் போதவில்லை. முதலாம் டிவிஷன் தளபதி பாப்பெ இதை எடுத்துச் சொன்னார். கோர் தளபதியான வூர்ட்டம்பெர்க் இளவரசர் அவுகுஸ்ட் கேட்கவில்லை.

நெருக்கமான அணிகளாகச் சரிவில் ஏறினார்கள். அன்று கோர் முழுவதிலும் சுமார் 8,000 பேர் இறந்தோ காயமுற்றோ விழுந்தார்கள். எட்டுப் பட்டாலியன்களுக்கு நிகரான ஆட்கள். பிறகு பீரங்கிகள் கிராமத்தை நொறுக்கின, சாக்சனியரும் வந்தார்கள், இருட்டும் வேளையில் கிராமம் பிடிபட்டது. சற்றுப் பொறுத்திருந்தால் பாதி விலைக்குக் கிடைத்திருக்கும் வெற்றி என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஓர் ஊரின் படை அழிந்தால் ஊரே கூடி அழும். 1916 ஜூலையில், சோம் போரின் முதல் நாளுக்குப் பின், இங்கிலாந்தின் அக்ரிங்டன் நகரம் அப்படி அழுதது. அழுத ஊர் ஒருநாள் கேள்வியும் கேட்கும். சான் பிரிவாவின் சாவுச் செய்திகளோ நாடெங்கும் சிதறிக் கிடந்த வீடுகளுக்குத் தனித்தனியே போயிருக்கும். இந்தக் கிராமத்தில் ஒரு வீடு, அடுத்ததில் இன்னொன்று. மகன் மெய்க்காவல் படையில் இருந்தான் என்ற பெருமை அந்த வீடுகளுக்கு உண்டு. சேர்ந்து நின்று கணக்குக் கேட்க ஓர் ஊர்தான் இல்லை.

இளவரசர் அவுகுஸ்ட் அதன் பிறகும் பல ஆண்டுகள் அதே பதவியில் இருந்தார்.