வீட்டுக்கு வந்த வால்வு

நள்ளிரவில் குளியலறைக் குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. முதலில் எங்கே ஓட வேண்டும்? வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் அடைப்பு வால்வுக்கு. அது எங்கே இருக்கிறது என்பதே பல வீடுகளில் யாருக்கும் தெரியாது! இந்தச் சிறிய பித்தளைத் துண்டு வீட்டுக்காரர் கைக்கு வந்து சேர்ந்த கதை சுவாரசியமானது.

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பெய் நகர வீடுகளில், ஈயக் குழாய்களோடு வெண்கல வால்வுகளும் கிடைத்தன. உள்ளே துளையிட்ட ஓர் உருளை. துளை குழாய்க்கு நேராக நின்றால் தண்ணீர் ஓடும், கால் சுற்று திருப்பினால் நிற்கும். அவ்வளவுதான். ஏறக்குறைய இதே அமைப்புதான் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் புழங்கியது.

அந்த நூற்றாண்டின் லண்டனுக்கு வருவோம். தண்ணீர் விநியோகம் தனியார் கம்பெனிகளின் கையில் இருந்தது. நாள் முழுக்கத் தண்ணீர் வராது. ஒன்றிரண்டு மணி நேரம் வரும், ஏழைகள் வாழும் தெருக்களில் அதுவும் சில நாட்கள்தான். கம்பெனி ஆள் ஒருவர் பெரிய சாவியோடு வந்து தெரு வால்வைத் திறந்துவிடுவார். அவருக்கு 'டர்ன்காக்' என்று பெயர். அவர் வரும் நேரத்துக்குத் தொட்டியும் பீப்பாயும் நிரம்பிவிட வேண்டும். (நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!) தீப்பிடித்தாலும் முதலில் அந்த ஆளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் வந்து திறக்கும்வரை தீயணைப்பு வீரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். பீப்பாயில் நாள்கணக்கில் தேங்கிய நீரின் சுத்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காலராவுக்கு லண்டன் பல முறை பலி கொடுத்தது.

எப்போதும் தண்ணீர் விடலாமே என்று கேட்டவர்களுக்குக் கம்பெனிகள் சொன்ன பதில், "ஜனங்கள் வீணாக்குவார்கள்" என்பது. இது முழுப் பொய்யும் அல்ல. பழைய கால்சுற்று வால்வு தேயத் தேயக் கசியும். அழுத்தம் நிறைந்த குழாயில் அதைச் சட்டென்று மூடினால் ஓடும் நீர் மோதி குழாயே அதிரும், சில நேரம் வெடிக்கும். ஆனால் தாமஸ் ஹாக்ஸ்லி என்ற பொறியாளர் 1831இல் நாட்டிங்ஹாமில் அமைத்த நீர்நிலையம் இரவும் பகலும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது. அங்கே முடியும் என்றால் லண்டனில் ஏன் முடியாது?

இந்தக் கேள்விக்குத் தேவையான கருவி ராதர்ஹாமிலிருந்து வந்தது. அங்கிருந்த கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் பித்தளைப் பட்டறையின் பெயரோடு இணைந்த திருகுக் குழாய் 1845இல் காப்புரிமை பெற்றது. பிடியைத் திருகத் திருக, தோல் வாஷர் மெல்ல இறங்கித் துளையை அடைக்கும். மெதுவாக மூடுவதால் அதிர்ச்சி இல்லை. தேய்ந்தால் வாஷரை மட்டும் மாற்றினால் போதும், வால்வைத் தூக்கி எறிய வேண்டாம். சின்ன விஷயம்தான், ஆனால் கம்பெனிகளின் சாக்குக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

1871இல் லண்டனுக்கான தண்ணீர்ச் சட்டம் வந்தது. அதன்கீழ் வகுத்த விதிகள், வீட்டுக்குள் குழாய் நுழையும் இடத்திலோ அதன் அருகிலோ திருகு வகை அடைப்பு வால்வு இருக்க வேண்டும் என்றன. இடைவிடாத தண்ணீருக்கு வீட்டுக்காரர் கொடுத்த உத்தரவாதம் அந்த வால்வு. தெருச் சாவிக்காரரிடம் மட்டும் இருந்த அதிகாரத்தில் ஒரு பங்கு அன்று வீட்டுக்குள் வந்தது. ஒரு பங்குதான்! 1890களின் வறட்சியில் கிழக்கு லண்டனில் மறுபடியும் நேரம் வைத்துத் தண்ணீர் விட்டார்கள். கம்பெனியை நம்பித் தொட்டியைக் கழற்றிவிட்ட குடும்பங்கள்தான் அதிகம் தவித்தன. 1904இல் கம்பெனிகள் போய், பொது வாரியம் பொறுப்பேற்றது.

அன்றைய திருகு வால்வுக்கு இருந்த நோய் இன்றைய வால்வுக்கும் உண்டு. பயன்படுத்தாமல் விட்டால் உப்பும் சுண்ணாம்பும் படிந்து இறுகிவிடும். வருடத்துக்கு இரண்டு முறையாவது முழுதும் மூடித் திறப்பது நல்லது. முழுதாகத் திறந்தபின் அரைச்சுற்று பின்னால் திருப்பி வைத்தால் இறுகாது. தண்டின் அடியில் சொட்டினால் அங்குள்ள நட்டை லேசாக முறுக்கிப் பார்க்கலாம். அப்படியும் நிற்காவிட்டால் உள்ளே சுற்றியிருக்கும் திரியை மாற்ற வேண்டும். இறுகிய வால்வைப் பெரிய ஸ்பேனர் போட்டு முறுக்குவது கூடாது, தண்டே முறிந்துவிடும். மேல்தொட்டிக்கு அடியில் இருக்கும் கேட் வால்வைப் பாதி திறந்து வைப்பதும் தவறு. ஓடும் நீர் அதன் தகட்டை அரித்துவிட்டால், பிறகு எவ்வளவு திருகினாலும் முழுதாக மூடாது.

இப்போது பல வீடுகளில் நெம்புகோல் வைத்த பால் வால்வு வந்துவிட்டது. 1938இல் கண்டுபிடிக்கப்பட்ட டெஃப்லான், அதன் உருண்டையைக் கசியாமல் அணைத்துப் பிடிக்கிறது. நெம்புகோல் குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. மறுபடியும் பாம்பெய் வீட்டின் அதே கால் சுற்று! மூடும்போது மெதுவாகத் திருப்ப வேண்டும் என்பதும் அதே பழைய காரணத்துக்காகத்தான்.