பிழைக்கு இடம் வைத்துப் பறந்தவர்கள்: சிறு விமானங்களும் பெருங்கடல்களும்

1931ஆம் ஆண்டு மார்ச் இறுதியில், நியூசிலாந்தின் வடகோடியில் உள்ள பரேங்கரேங்கா துறைமுகத்திலிருந்து ஒரு சிறு விமானம் கடலின் மேல் எழுந்தது. ஒற்றை இயந்திரம், துணி போர்த்திய மரச்சட்டம், சக்கரங்களுக்குப் பதிலாக இரண்டு மிதவைகள். உள்ளே பிரான்சிஸ் சிச்செஸ்டர் மட்டுமே இருந்தார். அவர் சென்றடைய வேண்டிய நார்போக் தீவு, சுமார் 770 கி.மீ. தொலைவில், ஏறத்தாழ 8 கி.மீ. நீளமே உடைய ஒரு நிலத்துண்டு. ஆயினும் அவர் அத்தீவை நோக்கி நேராகப் பறக்கவில்லை. வேண்டுமென்றே அதற்கு ஒரு பக்கமாக விலகிப் பறந்தார்.

இந்த விலகலுக்குப் பின்னால் இருந்த தருக்கம் எளியது. காற்று ஒரு விமானத்தை எவ்வளவு பக்கவாட்டில் தள்ளுகிறது என்பதைக் கடலின் மேல் துல்லியமாக அறிய இயலாது. திசையில் ஐந்து பாகை தவறினாலே 770 கி.மீ. முடிவில் விமானம் ஏறத்தாழ 67 கி.மீ. விலகி நிற்கும். நேராகத் தீவை நோக்கிப் பறந்த விமானி, குறித்த நேரம் வந்ததும் கீழே பார்த்தால் நான்கு பக்கமும் நீர்தான் தெரியும். தீவு வலப்புறம் இருக்கிறதா, இடப்புறம் இருக்கிறதா என்று சொல்ல அவரிடம் எந்தச் சான்றும் இராது. எரிபொருளோ இரு பக்கமும் தேடிப் பார்க்கப் போதாது.

சிச்செஸ்டர் இந்த ஐயத்தையே தம் திட்டத்திலிருந்து நீக்கினார். நேரக்கூடிய பிழையைக் காட்டிலும் பெரியதொரு பிழையைத் தாமே செய்துகொண்டால், தீவு எந்தப் பக்கம் என்பது உறுதியாகிவிடும். எஞ்சியது, எப்போது திரும்புவது என்ற வினா. ஒரு குறிப்பிட்ட கணத்தில் சூரியன் ஒரே உயரத்தில் தெரியும் இடங்கள் யாவும் பூமியின் மேல் ஒரு பெரிய வட்டத்தில் அமைகின்றன; அவ்வட்டத்தின் சிறு பகுதி ஒரு நேர்கோடு போன்றது. தீவின் மீது செல்லும் அக்கோட்டை அவர் முன்னரே கணித்து வைத்திருந்தார். ஒரு கையால் விமானத்தைச் செலுத்திக்கொண்டே செக்ஸ்டன்ட் கருவியால் சூரியனை அளந்தார். கோட்டை எட்டியதும் தீவின் பக்கம் திரும்பி, கோட்டின் வழியே சென்றார். தீவு தென்பட்டது.

தமிழில் 'பிழைத்தல்' என்னும் வினைக்குத் தவறுதல் என்றும் உயிர் தப்புதல் என்றும் இரு பொருள்கள் உள்ளன. சிறு விமானங்களில் கடல் கடந்தவர்களின் வரலாற்றைப் படிக்கையில் இவ்விரு பொருள்களும் ஓரிடத்தில் சந்திப்பதைக் காணலாம். அவ்வரலாறு பெரும்பாலும் துணிச்சலின் கதையாகவே சொல்லப்படுகிறது. உண்மையில் அது தன் பிழைக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கக் கற்றுக்கொண்டதன் கதை. அந்த இடம் எங்கே வைக்கப்பட்டது, அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பவையே ஆராயத் தக்க வினாக்கள்.

டாஸ்மன் கடல் அதற்கு முன்பே கடக்கப்பட்டிருந்தது. 1928இல் சார்லஸ் கிங்ஸ்போர்ட் ஸ்மித் மூன்று இயந்திர விமானத்தில் குழுவினருடன் சிட்னியிலிருந்து கிறைஸ்ட்சர்ச் சென்றார். 1931 ஜனவரியில் கை மென்சீஸ் அதே திசையில் தனியாகப் பறந்தார். சிச்செஸ்டர் தேர்ந்தது எதிர்த்திசை. அங்கு வீசும் மேலைக்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு பறக்க வேண்டும். நேராகக் கடக்கும் அளவுக்கு எரிபொருளை அவரது விமானம் சுமக்காது. ஆகவே நார்போக் தீவையும், அங்கிருந்து சுமார் 900 கி.மீ. தொலைவிலுள்ள லார்ட் ஹாவ் தீவையும் படிக்கற்களாகக் கொண்டார். இரண்டாம் தீவில், நங்கூரமிட்டிருந்த விமானத்தை இரவுப் புயல் கவிழ்த்து நொறுக்கியது. தீவு மக்களின் துணையோடு இரு மாதங்களுக்கு மேல் உழைத்து அதை அவர் மீண்டும் கட்டி எழுப்பினார். ஜூன் மாதத்தில் ஆஸ்திரேலியக் கரையின் ஜெர்விஸ் விரிகுடாவை அடைந்தார். தொழிற்சாலையில் பிறந்த விமானம் தன் இறுதிக் கட்டத்தைக் கையால் கட்டிய விமானமாகவே கடந்தது.

தனி மனிதர்கள் தம் பட்டறையிலோ வீட்டுக் கொட்டகையிலோ விமானம் கட்டுவது பின்னாளில் ஓர் இயக்கமாக வளர்ந்தது. அமெரிக்காவில் 1953இல் பால் போபெரெஸ்னி தொடங்கிய சோதனை விமானச் சங்கம் அதன் முதன்மை அமைப்பு. கட்டும் வேலையின் பெரும்பகுதியைத் தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஒருவர் தாமே செய்திருந்தால், அவ்விமானத்தைச் 'சோதனை' வகையில் பதிவு செய்ய அந்நாட்டு விதிகள் இடமளிக்கின்றன. விடுமுறை நாளில் ஓரிரு மணிநேரம் பறக்கவே இவற்றில் பல வடிவமைக்கப்பட்டவை. இவற்றைக் கடல் கடக்கச் செய்ய விரும்புவோர் பின்னிருக்கையை எடுத்துவிட்டு அங்கே கூடுதல் எரிபொருள் கலம் பொருத்துவர். அத்துடன் எடை கூடும். எடையின் நடுப்புள்ளி இடம் மாறும். எரிபொருள் குழாய்களும் அடைப்பான்களும் பெருகும். இவை ஒவ்வொன்றுக்கும் பொறுப்பேற்பவர் விமானத்தைக் கட்டியவரே.

அத்தகையவர் புறப்படுமுன் போட வேண்டிய முதல் கணக்கு, எதுவரை சென்றால் திரும்பி வர இயலும் என்பது. மணிக்கு 200 கி.மீ. வேகமும் பத்து மணிநேர எரிபொருளும் உடைய விமானம் காற்றில்லாத நாளில் 1,000 கி.மீ. சென்று புறப்பட்ட இடத்துக்கே மீளலாம். மணிக்கு 50 கி.மீ. எதிர்காற்று வீசினால், போகும் வேகம் 150, திரும்பும் வேகம் 250. திரும்பும்போது காற்று துணை நிற்பதால் இழந்தது ஈடாகிவிடும் என்று தோன்றும். ஆனால் கணக்குப்படி ஆறேகால் மணிநேரத்தில், ஏறத்தாழ 937 கி.மீ. தொலைவிலேயே திரும்பியாக வேண்டும். போகும் வழியில் பின்காற்று வீசினாலும் விடை இதுவே. சீராக வீசும் காற்று எத்திசையில் வீசினாலும் இந்த எல்லையைச் சுருக்குமேயன்றி விரிக்காது. மேலும் காற்றின் வேகம் என்பது முன்னறிவிப்பு தரும் ஓர் எண். கடலின் நடுவே அது மாறிவிட்டால், நிலவரைபடத்தில் குறித்த புள்ளியும் விமானிக்குத் தெரியாமலே நகர்ந்துவிடுகிறது.

இக்கணக்கை அதன் எல்லைக்கே கொண்டுசென்றது 'வாயேஜர்'. வீட்டில் கட்டத்தக்க விமானங்களின் வடிவமைப்பாளராகப் பெயர் பெற்ற பர்ட் ரூட்டான், 1981இல் ஒரு மதிய உணவின்போது காகிதக் கைக்குட்டையில் அதன் முதல் வரைவைத் தீட்டினார். நடுவில் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிவருவதே நோக்கம். அவருடைய அண்ணன் டிக் ரூட்டானும் ஜீனா யேகரும் விமானிகள். அரசுப் பணமின்றி, தனியார் நன்கொடைகளாலும் தன்னார்வலர்களின் உழைப்பாலும், கலிபோர்னியாவின் மொஹாவி பாலைநிலத்தில் ஒரு கொட்டகையில் அது உருவாயிற்று. கரியிழையும் தேன்கூட்டு அமைப்புடைய காகிதமும் அதன் உடல். அக்கட்டமைப்பின் எடை 426 கிலோ. புறப்படுகையில் மொத்த எடை ஏறத்தாழ 4,400 கிலோ. அதில் எரிபொருள் மட்டும் ஏறத்தாழ 3,180 கிலோ. அதாவது புறப்பட்ட எடையில் நூற்றுக்கு எழுபத்திரண்டு பங்கு, பதினேழு கலங்களில் பகிர்ந்து வைக்கப்பட்ட எரிபொருள்.

இத்தகைய விமானம் பயணம் முழுவதும் ஒரே விமானமாக இருப்பதில்லை. எரிபொருள் குறையக் குறைய எடை குறைகிறது. பறக்கத் தேவைப்படும் விசையும் மிகுதொலைவு தரும் வேகமும் அதனுடன் குறைகின்றன. தொடக்கத்தில் இரண்டு இயந்திரங்களும் தேவை. எடை குறைந்தபின் முன் இயந்திரத்தை நிறுத்திவிடலாம். வழியும் அதற்கேற்பவே தேர்ந்தெடுக்கப்பட்டது. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் வணிகக்காற்று கிழக்கிலிருந்து வீசுவதால் மேற்கு நோக்கிய பயணம். 'மார்ஜ்' என்னும் புயல் பசிபிக்கில் எழுந்தபோது, அதன் வடவிளிம்பை ஒட்டிப் பறந்து, அதன் சுழற்சியையே பின்காற்றாகப் பயன்படுத்திக்கொண்டனர்.

ஆயினும் 1986 டிசம்பர் 14 அன்று எட்வர்ட்ஸ் விமானத் தளத்தில் ஓடத் தொடங்கிய கணத்திலேயே திட்டம் பிசகியது. எரிபொருளின் சுமையால் வளைந்த இறக்கை நுனிகள் தரையில் உராய்ந்து சிதைந்தன. ஏறத்தாழ 4,570 மீட்டர் ஓடுபாதையில் 4,300 மீட்டருக்கு மேல் ஓடிய பின்னரே விமானம் எழுந்தது. பின்னர் அதைவிட நுண்ணியதொரு சிக்கல் தோன்றியது. எந்தக் கலத்திலிருந்து எவ்வளவு எடுக்கப்பட்டது என்று விமானிகள் எழுதிவந்த பதிவேடு, உண்மை இருப்போடு பொருந்தவில்லை. எரிபொருள் கசிகிறதோ என்ற அச்சம் எழுந்தது. எரிபொருளின் ஒரு பகுதி குழாய்களில் பின்னோக்கிப் பாய்ந்து, செலவானதாக மீண்டும் எண்ணப்பட்டது பின்னரே புரிந்தது. இந்நிலையில் அவர்கள் பதிவேட்டை விடுத்து விமானத்தையே சான்றாகக் கொண்டனர். குறிப்பிட்ட விசைக்கு அது எவ்வாறு பறக்கிறது என்று பார்த்தால் அதன் எடை தெரியும். எடை தெரிந்தால் எஞ்சிய எரிபொருள் தெரியும். ஓர் ஆவணத்தை அதனோடு தொடர்பில்லாத வேறொரு சான்றால் சரிபார்ப்பது வரலாற்று மாணவர்களுக்குப் புதிதன்று. இங்கே அம்முறையைப் பின்பற்றியவர்கள், பல நாள் உறக்கம் கெட்ட நிலையில், தம் உயிர் தங்கியிருந்த ஆவணத்தின் மீது அதைப் பயன்படுத்தினர்.

கடைசி இரவில், மெக்சிகோவின் மேற்குக் கரையோரம், எரிபொருள் வழங்கும் அமைப்பில் ஏற்பட்ட பழுதால் ஓடிக்கொண்டிருந்த ஒரே இயந்திரமும் நின்றது. கலங்களில் எரிபொருள் இருந்தும் இயந்திரத்துக்கு வந்து சேரவில்லை. விமானம் உயரம் இழந்து கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கையில் முன் இயந்திரத்தை உயிர்ப்பித்தனர். டிசம்பர் 23 காலை அவர்கள் இறங்கினர். பயணம் 9 நாள் 3 நிமிடம். அங்கீகரிக்கப்பட்ட தொலைவு 40,212 கி.மீ. இதற்கு முந்தைய சாதனை, 1962இல் அமெரிக்கப் படையின் பி-52 குண்டுவீச்சு விமானம் ஒகினாவாவிலிருந்து மாட்ரிட் வரை பறந்த ஏறத்தாழ 20,000 கி.மீ. வாயேஜரில் எஞ்சியிருந்த எரிபொருள் சுமார் 48 கிலோ, எடுத்துச் சென்றதில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. பிழைக்கென ஒதுக்கிய இடத்தை அவர்கள் கிட்டத்தட்ட முழுவதுமாகச் செலவிட்டிருந்தனர். ஆனால் அது அவர்களுடைய இடம், செலவும் அவர்களுடையதே.

இந்த வேறுபாடு பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னர் தெளிவாகப் புலப்பட்டது. ஆஸ்திரேலியரான ஜான் ஜோஹான்சன், ரிச்சர்ட் வான்குரூன்ஸ்வென் வடிவமைத்த ஆர்வி-4 என்னும் ஈரிருக்கை விமானத்தைத் தாமே கட்டி, அதில் உலகைப் பலமுறை வலம்வந்தவர். கடலின் மேல் நெடுந்தொலைவு பறப்பதில் அவருக்கு இணையான அனுபவம் உடையோர் அரியர். 2003 டிசம்பரில் அவர் நியூசிலாந்தின் இன்வர்கார்கிலிலிருந்து புறப்பட்டார். தென் துருவத்தின் மேலாகப் பறந்து அர்ஜென்டினாவின் உஷுவாயாவை அடைவது திட்டம். துருவம் வழியே அத்தொலைவு ஏறத்தாழ 8,700 கி.மீ. துருவத்தைக் கடந்தார். ஆனால் எதிர்பார்த்ததைவிடக் கடுமையான எதிர்காற்று எரிபொருளைத் தின்றது. தொடர்ந்து சென்றால் கடலில் விழ நேரிடும் என்று கணக்கிட்டு, அமெரிக்காவின் மெக்மர்டோ நிலையத்துக்குத் திரும்பி இறங்கினார். விமானியாக அது சரியான முடிவு.

அங்கே அவருக்கு உணவும் உறைவிடமும் கிடைத்தன, எரிபொருள் கிடைக்கவில்லை. தனியார் பயணங்களுக்கு உதவுவதில்லை என்பது அமெரிக்க, நியூசிலாந்து அண்டார்க்டிகா அமைப்புகளின் கொள்கை. அவரைத் தங்கள் விமானத்தில் ஏற்றி அனுப்பவும், அவருடைய விமானத்தைக் கப்பலில் அனுப்பவும் அவை ஆயத்தமாக இருந்தன. துன்பத்தில் உள்ளவருக்குச் சில பீப்பாய்களை விற்க மறுப்பது கொடுமை என்று பலர் கருதினர். ஆனால் மெக்மர்டோவுக்கு எரிபொருள் ஆண்டுக்கு ஒருமுறை, பனிக்கட்டி உடைத்து வரும் கப்பலில்தான் வருகிறது; ஆய்வுப் பணிகள் அதை நம்பியே வகுக்கப்படுகின்றன. இன்று ஒருவருக்குக் கொடுத்தால், நாளை வருபவர் அதையே தம் திட்டத்தின் ஒரு பகுதியாக எழுதிக்கொள்வார் என்ற வாதத்தையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

இவ்வழக்கில் இரு தரப்பும் பேசியது ஒரே பொருளைப் பற்றித்தான். திரும்புவதற்கான புள்ளியை ஜோஹான்சன் அறிந்திருந்தார். ஆனால் அப்புள்ளியிலிருந்து அவர் திரும்பிச் சென்ற இடத்தில் அவருக்கென எதுவும் வைக்கப்பட்டிருக்கவில்லை. வெறும் ஓடுபாதை ஒன்று இருப்பதனாலேயே ஓரிடம் மாற்று இறங்குதளம் ஆகிவிடாது. சிச்செஸ்டர் தம் பிழைக்கான இடத்தைத் திசையில் வைத்தார். வாயேஜர் அதை எரிபொருளில் வைத்தது. ஜோஹான்சனின் திட்டத்தில் அதன் ஒரு பகுதி, கேட்கப்படாமலே, பிறர் கிடங்கில் இருந்தது.

முடிவில் அவரை மீட்ட எரிபொருளும் ஒரு திட்டத்திலிருந்தே வந்தது. அதே பருவத்தில் அண்டார்க்டிகாவைக் கடக்க முயன்ற பிரித்தானிய விமானி பாலி வாச்சர், தம் வழிக்காக மெக்மர்டோவில் முன்னரே எரிபொருள் சேமித்து வைத்திருந்தார். காற்றும் வானிலையும் ஒத்துவராததால் அவர் நடுவழியில் திரும்பிவிட்டார். அவருடைய எரிபொருள் தொடப்படாமல் கிடந்தது. அதை அவர் ஜோஹான்சனுக்குக் கொடுத்தார். அந்த எரிபொருளைக் கொண்டு, அதே மாதத்தில், ஜோஹான்சன் இன்வர்கார்கிலுக்கே திரும்பிப் பறந்தார்.