பி. ரம்லியை ஹீரோ ஆக்கிய தமிழர்: எல். கிருஷ்ணன் யார்?

பத்து பாகாட்டில் உங்க பாட்டி, தாத்தாவிடம் பழைய மலாய் படங்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்க. பி. ரம்லி பெயர்தான் முதலில் வரும். அவரைக் கதாநாயகன் ஆக்கியவர் ஒரு தமிழர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

யார் இவர்?

1922-இல் சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர் எல். கிருஷ்ணன். போர் முடிந்ததும் சென்னைக்குப் போய் சினிமா தொழிலைக் கற்றார். திரும்பி வந்து, சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா பிரதர்ஸ் நடத்திய ஸ்டூடியோவில் இயக்குநர் ஆனார்.

மலாய் படத்துக்கு ஏன் இந்திய இயக்குநர்?

அப்போது இங்கே படம் எடுக்கப் பழகியவர்கள் மிகக் குறைவு. அதனால் பி.எஸ். ராஜ்ஹன்ஸ், பி.என். ராவ், எஸ். ராமநாதன் போன்றவர்களை ஸ்டூடியோக்கள் அழைத்தன. கதை, பாட்டு, நடனம், கண்ணீர் என்று இந்திய சினிமா பாணியும் அவர்களோடு வந்தது. ‘மலாய் வாழ்க்கை படத்தில் எங்கே?’ என்ற விமர்சனமும் எழுந்தது. 1950-களின் நடுவில் ரம்லி உள்ளிட்ட மலாய் இயக்குநர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள்.

‘பக்தி’யில் என்ன நடந்தது?

1948-இல் வந்த ‘சிந்தா’வில் ரம்லி வில்லன். அதே படத்தில் ஹீரோவுக்குப் பின்னணி பாடியவரும் அவரே! குரல் ஹீரோவுடையது, முகம் வில்லனுடையது. 1950-இல் ‘பக்தி’ படத்தை இயக்கிய கிருஷ்ணன், இரண்டையும் ஒன்றாக்கினார். ரம்லி கதாநாயகனாக நடித்து, தன் குரலிலேயே பாடினார். மலாயில் ‘பக்தி’ என்றால் தொண்டு என்றும் பொருள். நம்மிடமும் இருக்கும் சொல்தான்!

பிறகு?

கிருஷ்ணன் போட்டி நிறுவனமான கேத்தே-கெரிஸுக்கு மாறினார். 1958-இல் அங்கே ‘ஒராங் மின்யாக்’ என்ற பேய்ப் படத்தை இயக்கினார். அதே ஆண்டு ஷா பிரதர்ஸுக்காக ரம்லி இயக்கியது ‘சும்பா ஒராங் மின்யாக்’. எண்ணெய் பூசிய அதே பேய்தான், ஆனால் இப்போது இருவரும் எதிரெதிர் முகாமில்! 1960-களில் கோலாலம்பூர் அருகே ஹுலு கிளாங்கில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவிலும் கிருஷ்ணன் படம் இயக்கினார். பின்னாளில் டான் ஸ்ரீ விருதும் பெற்றார்.

நாம் ஏன் தெரிஞ்சுக்கணும்?

மலாய் சினிமா வரலாறு ஒரே இனத்தின் வரலாறு இல்லை. மலாய் நடிகர்கள், சீன முதலாளிகள், இந்திய இயக்குநர்கள் என்று எல்லாரும் சேர்ந்து கட்டியது அது. அடுத்த முறை பழைய மலாய் படம் பார்க்கும்போது, தொடக்கத்தில் வரும் இயக்குநர் பெயரைத் தாண்டிப் போயிடாதீங்க. அது நம்ம ஆள் பெயராகவும் இருக்கலாம்.